"நாங்கள்" என்ற எழுவாய்: ஒரு கமாண்டோ நினைவுக்குறிப்பின் ஒன்பதாம் அத்தியாயம்

பெங்களூரு ஜெ.சி. நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், தம் படைவாழ்க்கையைப் பற்றி நான்கு நீள நோட்டுகளில் கைப்பட எழுதியிருந்ததை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, உல்சூரில் உள்ள என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நோட்டுகளோடு ஓர் அடிக்கோலும் சிவப்பு மைப் பேனாவும் பையில் இருந்தன. எதை அடித்தாலும் தம் முன்னால்தான் அடிக்க வேண்டும், அதையும் கோல் வைத்து நேராக அடிக்க வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை.

மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் செம்மைப்படுத்தித் தருவது என் வேலை. வங்கி மேலாளர், ரயில்வே கார்டு, மயக்க மருந்து நிபுணர் என்று பலருடைய தன்வரலாறுகளில் என் கை பட்டிருக்கிறது. படைவீரர் ஒருவருடைய பிரதி அதுவே முதல். அந்தப் பிரதியின் ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது மூன்று முறை எழுதப்பட்டது. மூன்று முறையும் அதில் பெரிதாக மாறியது எழுவாய்தான். சுபேதாரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் குடும்பத்தாரின் அடையாளங்களையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டேன்.

அவர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்று, சில ஆண்டுகள் கழித்துத் தாமே விரும்பி, பாராசூட்டில் குதிக்கும் பாரா கமாண்டோப் படைக்கு எழுதிக் கொடுத்தவர். ஏன் எழுதிக் கொடுத்தார் என்பதை நோட்டில் மறைக்கவில்லை: தங்கையின் கல்யாணக் கடன் தலைக்கு மேல் இருந்தது, குதிப்பவனுக்குத் தனிப்படி உண்டு என்று லங்கரில், அதாவது படையின் சாப்பாட்டுக்கூடத்தில், யாரோ சொன்னார்கள். ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் ஐந்து குதிப்புகள், அவற்றுள் ஒன்று இரவில். முதல் குதிப்பில் தாம் கண்ணை இறுக மூடிக்கொண்டதாகவும், முதுகில் விழுந்த பயிற்சியாளரின் உள்ளங்கைச் சூடு மட்டுமே இன்றுவரை நினைவில் இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதற்குப் பின் வரும் புரொபேஷன் என்ற தகுதிகாண் காலத்தைப் பற்றிய பக்கங்கள் பிரதியிலேயே மிகச் சிறந்தவை. தூக்கமின்மையால் பாறையைப் பார்த்து சல்யூட் அடித்தது, முதுகுப் பையில் வேண்டுமென்றே போடப்பட்ட கற்களை எண்ணிக்கொண்டே நடந்தது, தமிழில் அழுதால் யாருக்கும் புரியாது என்று தைரியமாக அழுதது ஆகிய எல்லாவற்றிலும் எழுவாய் "நான்" என்றே இருந்தது. பிரதியை வாங்கிப் புரட்டியபோது இதை நான் கவனிக்கவில்லை. பிறகுதான் உறைத்தது.

அவர் சேர்ந்தது 10ஆவது பாரா கமாண்டோ. 1965 போரில் மேஜர் மேக் சிங் நடத்திய மேக்தூத் படையின் வழியில் 1966இல் 9ஆவது கமாண்டோப் படைப்பிரிவு உருவாக, அடுத்த ஆண்டே பாலைவனப் போருக்கென்று இந்தப் பத்தாவது பிரிவு தனியாக நிறுத்தப்பட்டது. 1971 டிசம்பரில் தார்ப் பாலைவனத்தைக் கடந்து பாகிஸ்தானின் சாச்ரோவைத் தாக்கிய பெருமை அதற்கு உண்டு. மணலிலும் நட்சத்திரங்களை வைத்துத் திசை பார்ப்பதிலும் பழகிய பிரிவு அது. 1987இல் அதைப் பனங்காட்டுக்கும் கிணற்றடிக்கும் வேலியடைத்த ஒழுங்கைகளுக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். "மணல்ல ஒளியக் கத்துக்கிட்டவனைப் பனைமரத்துக்குப் பின்னால நிக்கச் சொன்னா உடம்பு பாதி வெளியிலதான் நிக்கும்" என்று சுபேதார் ஒருநாள் சொன்னார். அந்த வரியை நோட்டில் சேர்க்கச் சொன்னேன். தளபதிகளைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். இங்கே எழுதிக்கொள்ள மட்டும் அனுமதித்தார்.

ஒன்பதாம் அத்தியாயம்

1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணம் சென்றது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அக்டோபர் 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கத்தோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலில் மி-8 ஹெலிகாப்டர்கள் வழியே கமாண்டோக்களும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினரும் இறக்கப்பட்டனர். புலிகள் வானொலிச் செய்திகளை இடைமறித்துக் கேட்டுக் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் கடுமையான சூட்டுக்கு ஆளானதால் அடுத்தடுத்த நடைகள் கைவிடப்பட்டன. இறங்கிய 30 சீக்கிய வீரர்களுள் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் அருகிலிருந்த வீடுகளுக்குள் புகுந்து தாக்குப்பிடித்து, ரயில் பாதை வழியே வந்த டாங்கிகளால் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஆறு பேர் உயிரோடு திரும்பவில்லை. இவையெல்லாம் பலராலும் பதிவு செய்யப்பட்டவை. நமது சுபேதாரின் நோட்டிலும் இதே வரிசையில், பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. முதல் எட்டு அத்தியாயங்களில் வியர்வை நாற்றமும் பூட்ஸ் கடித்த குதிகாலும் ரம்மின் கசப்பும் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டிருக்க, ஒன்பதாவதில் உடம்பே காணாமல் போயிருந்தது. "நாங்கள் இறங்கினோம். நாங்கள் நிலை எடுத்தோம். நாங்கள் விடியும்வரை போரிட்டோம்." செய்தித்தாள் வாசிப்பதுபோல் இருந்தது. முதலில், இது வலி மிகுந்த நினைவு, அதனால்தான் எழுத்து இறுகிவிட்டது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாம் வாசிப்பில் ஒரு வரி முள்போல் குத்தியது: "திரும்பி வந்த ஹெலிகாப்டரின் அடிவயிற்றில் ஓட்டைகள் தெரிந்தன, ஒரு ஓட்டை வழியாக விளக்கு வெளிச்சம் வந்தது." அந்த அத்தியாயம் முழுவதிலும் கண்ணால் பார்த்ததுபோல் இருந்த வரி அது ஒன்றுதான். திடலில் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், திரும்பிப்போன ஹெலிகாப்டரின் அடிவயிற்றை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அடுத்த ஞாயிறு இதைக் கேட்பதா, வேண்டாமா என்று எனக்கே பெரிய தயக்கம். கேட்டால் ஒரு மூத்த படைவீரரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும்; கேட்காவிட்டால் என் வேலைக்கு அர்த்தம் இல்லை. "சார், அந்த ஓட்டைகளை எங்கேருந்து பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். காபி டபராவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மேலே ஆடை படியும்வரை அதைக் குடிக்கவில்லை, பிறகு விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு, "பலாலியிலேருந்து, தம்பி. நான் வண்டியில ஏறவே இல்ல" என்றார்.

நடந்தது இதுதான். நான்கைந்து நாள்களுக்கு முன் அவருடைய வலது குதிகாலில் வந்த கொப்புளம் சீழ் வைத்துப் பழுத்திருந்தது. அன்று மாலை பலாலி விமானத்தளத்தில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்த ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரி, அவர் நொண்டுவதைப் பார்த்துப் பட்டியலில் அவர் பெயரை வெட்டிவிட்டு, பின்னால் தங்கும் குழுவில் சேர்த்தார். இரவு முழுக்க ஓடுதளத்தின் ஓரத்தில் வெடிமருந்துப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, வயர்லெஸ் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயர் திருநெல்வேலி. வயர்லெஸ்ஸில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வர, வெலிங்டனில் தம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த திருநெல்வேலிக்காரனின் முகம்தான் தமக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது என்றார். சீக்கிய வீரர்களோடு தொடர்பு அறுந்த பிறகு அங்கிருந்த யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவ்வளவும் அவர் மனத்தில் அச்சுக் குலையாமல் இருந்தது; இதில் ஒரு வரிகூட நோட்டில் இல்லை.

படைப்பிரிவில் "நாங்கள்" என்று சொல்வது பொய்யாகாது என்று அவர் வாதிட்டார். பத்தாவது பாரா இறங்கியது என்றால் அவரும் இறங்கியதாகத்தான் கணக்கு. வாதத்தில் நியாயம் உண்டு. "நாங்கள் சாச்ரோவை அடித்தோம்" என்று 1971இல் பள்ளி மாணவனாக இருந்த அவரே சொல்லுவார், அது பெருமைப் பேச்சு, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தன்வரலாறு எழுதுகிறவன் அந்தச் சொல்லைப் போடும்போது வாசகன் அவனுடைய கண்ணை நம்பித் திடலுக்குள் இறங்குகிறான். சிறப்புப் படையினரின் நினைவுக்குறிப்புகள் பலவற்றில் இந்தப் பன்மைக்குள்தான் எல்லாம் ஒளிந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. வீரம், பயம், தவறு, அதிர்ஷ்டம் அனைத்தையும் கொட்டி வைக்க வசதியான சாக்குப்பை அது.

இதற்கிடையே இன்னொரு சிறு தகராறு. "அன்றிரவு கும்மிருட்டு" என்று அத்தியாயம் தொடங்கியிருந்தது. பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: அந்த அக்டோபர் 7ஆம் தேதி பௌர்ணமி, 21ஆம் தேதி தீபாவளி. ஆக 11ஆம் தேதி நள்ளிரவில் முக்கால் நிலாவுக்குக் குறையாமல் வானத்தில் இருந்திருக்க வேண்டும். அவரிடம் காட்டினேன். பஞ்சாங்கத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். மேகம் மூடியிருக்கலாம் என்று நானே ஒரு வழியும் சொன்னேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாயைத் திறக்காதவர் எழுதத் தொடங்கியதன் காரணத்தை அவருடைய வீட்டம்மாதான் எனக்குச் சொன்னார். 2008 நவம்பர் 28 காலை, பயங்கரவாதிகள் பிடித்திருந்த மும்பை நரிமன் இல்லத்தின் மொட்டை மாடியில் தேசியப் பாதுகாப்புப் படைக் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து இறங்கியதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. தெருவே கூடிப் பார்த்தது, ஜெ.சி. நகரில் பாராசூட் ரெஜிமென்ட் மையத்தை ஒட்டிய குடியிருப்பு என்பதால் ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். இவர் மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய் வாளி நிறைந்து வழிவது தெரியாமல் குழாயடியில் நின்றிருந்தாராம். மறுநாள், அந்தத் தாக்குதலில் மாண்ட மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் இறுதிச் சடங்கு ஹெப்பாளில் நடந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றுவிட்டு வந்து, வழியில் வாங்கிய முதல் நோட்டை மேசைமேல் வைத்தார்.

பெட்டிகள்

இரண்டாம் முறை எழுதியபோது "நான்" வந்தது. கூடவே ஒரு வாக்கியமும் வந்தது: "என் பெயரை வெட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது." அதைப் படித்துக் காட்டிய அன்று அவர் குரல் மாறவில்லை, என் பேனாதான் நின்றது. ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் அவருடைய மகன், தட்டச்சுப் பிரதியில் அதைப் படித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவின் வாயில் இதை நீங்கள்தான் திணித்தீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் கேட்டதில் பாதி நியாயம் என்பதால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி கேட்டவன் நான். பதிலின் சாயலில் கேள்வியின் நிறம் ஒட்டாமல் இருக்காது. "காலு நல்லா இருந்திருந்தா அப்பா முதல் ஆளா ஏறியிருப்பார் சார், அதை ஏன் எழுதலை?" என்றார் மகன். சுபேதாரிடம் இதைச் சொன்னேன். "ஏறித்தான் இருப்பேன். ஏறும்போது பயந்துகிட்டேதான் ஏறியிருப்பேன். அதையும் போட்டுக்கச் சொல்லு" என்று அவர் சிரித்தார். போட்டுக்கொண்டோம்.

பின்னால் தங்கிய குழுவுக்கு ஒரு வேலை உண்டு. திரும்பாதவர்களின் உடைமைகளைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டு, வீட்டுக்கு அனுப்பக் கட்டிவைக்க வேண்டும். வெள்ளை வண்ணத்தில் எண்ணும் பெயரும் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டிகள். இரண்டாம் பிரதியில் அவர் இதற்காக ஆறு பக்கங்கள் ஒதுக்கியிருந்தார். பெட்டி பெட்டியாக, பொருள் பொருளாக. மணியார்டர் ரசீதுகள், எழுதி ஒட்டாத இன்லாண்ட் கடிதம், பாதி தேய்ந்த சோப்பு, குழந்தைக்கு வாங்கிய வளையல். வாசிக்கும்போது கையை எடுக்க முடியாத பக்கங்கள் அவை, ஆனாலும் அப்படியே அச்சிடக்கூடாது என்று சொன்னேன். அந்தக் குடும்பங்கள் எங்கோ இருக்கின்றன. ஒட்டாத கடிதத்தில் இருந்தது அவர்களுக்குச் சொந்தம். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கோலை வைத்து எல்லாவற்றையும் அடித்தார். சோப்பை மட்டும் விட்டார். ஈரச் சோப்பைக் காகிதத்தில் சுற்றுவதா, தூக்கி எறிவதா என்று தெரியாமல் ராணுவப் பட்டியலில் "சோப்பு, உபயோகித்தது, ஒன்று" என்று எழுதிக்கொண்ட இடம் இப்போது அத்தியாயத்தின் நடுவில் நிற்கிறது.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவர்களையும் கட்டுப்படுத்தும். 2021இல் குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளில் வந்த திருத்தம், உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் முன் அனுமதியின்றி எழுதுவதற்குத் தடை விதித்தது. படைத்துறை ஓய்வூதியம் வேறு விதிகளின்கீழ் வந்தாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லதென்று ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டோம். வழிமுறைகள், தகவல் தந்தவர்கள், உயிரோடிருக்கும் சக வீரர்களின் பெயர்கள் என்று மூன்றும் போயின. ஒன்பதாம் அத்தியாயத்தில் இதற்காக அடிக்கப்பட்டது நான்கே வரிகள். வெளிப்படையாக எழுதுவதற்குச் சட்டம்தான் பெரிய தடை என்று தொடக்கத்தில் நான் நினைத்திருந்தேன். இந்தப் பிரதியைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

மொழிபெயர்ப்பாளர்

யாழ்ப்பாண நகரம் படையின் கைக்கு வந்த பிறகு, கால் ஆறியிருந்த அவரைத் தமிழ் தெரியும் என்பதற்காகச் சோதனைச் சாவடிகளுக்கு அனுப்பினார்கள். முதல் பிரதியில் இது ஒரே பத்தி: "நாங்கள் மக்களிடம் கண்ணியமாக நடந்துகொண்டோம்." மூன்றாம் பிரதியில் பதினொரு பக்கம். அதிகாரி இந்தியில் ஓர் அதட்டலைக் கொடுப்பார். இவர் அதைத் தமிழில் "அம்மா, கொஞ்சம் பையைத் திறந்து காட்டுங்க" என்று ஆக்குவார். அவர்கள் கோபத்தில் சொல்வதை இந்தியில் "பை காலி, சாப்" என்று சுருக்குவார். இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிய மாதங்கள் என்று எழுதியிருந்தார். ஒருமுறை சைக்கிளில் வந்த ஒரு வயதான பெண், இவர் பேசிய தமிழைக் கேட்டுச் சற்று நின்று, "தம்பி, நீங்கள் தமிழ் ஆளோ?" என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். "பிறகேன் உங்கட ஆமி..." என்று தொடங்கி, முடிக்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்திலிருந்த அதிகாரி என்ன சொன்னாள் என்று கேட்க, வெயிலைப் பற்றிச் சொன்னாள் என்று இவர் மொழிபெயர்த்தார்.

மகனின் இரண்டாவது எதிர்ப்பு இந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றியது. 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினரின் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சுபேதார் அங்கே இல்லை. இல்லாத இடத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்றார் மகன். ஹெலிகாப்டர் இரவைப் பற்றி நான் வாதாடியதையே என்மேல் திருப்பினார். பதில் சொன்னது தந்தைதான். அவர் எழுதிய வரி இது: "தீபாவளியன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு ஜனங்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்." ஒரே வாக்கியத்தில் "நான்" இரண்டு முறையும் "எங்களை" ஒரு முறையும் வருகின்றன. செம்மையாக்குபவனாக ஒரு "நான்" போதுமே என்று தோன்றினாலும் கை வைக்கவில்லை.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் ஒருவன் "எத்தனை தமிழனைச் சுட்ட?" என்று கேட்டதும் அதே அத்தியாயத்தில் உண்டு. பதிலேதும் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். அவர் பெயரைச் சொல்லியாவது அன்று வாயை அடைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். செத்தவரை டீக்கடைக்கு இழுக்கக்கூடாது என்றார். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது வரவேற்பு நிகழ்ச்சிக்கு முதலமைச்சர் கருணாநிதி போகாததைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. அதை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டார்.

மெய்ப்பு

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு மெய்ப்புப் படி தயாரானது. நூறு படிகள் மட்டும், குடும்பத்துக்கும் பழைய நண்பர்களுக்கும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; கன்னடமும் ஆங்கிலமும்தான். அவளுக்குத் தாத்தாவே வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. நிம்மதி வாக்கியத்தை மகன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை.

மெய்ப்பைச் சுபேதார் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். சிவப்புத் திருத்தங்கள் இரண்டே இரண்டு. அத்தியாயத்தின் முதல் வரியில் "கும்மிருட்டு" என்பதை நான் "நிலா இருந்திருக்க வேண்டும், எனக்கு இருட்டாகத்தான் தெரிந்தது" என்று மாற்றியிருந்தேன். முதல் பாதியைக் கோல் வைத்து அடித்துவிட்டு, ஓரத்தில் "நிலா பஞ்சாங்கத்தில் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். இன்னொன்று பெட்டிகளைக் கட்டிய பக்கத்தில். அத்தியாயம் முழுவதும் "நாங்கள்" என்பதை வேட்டையாடிக்கொண்டிருந்த வேகத்தில், "பெட்டிகளை நான் கயிறு போட்டுக் கட்டினேன்" என்று அங்கேயும் மாற்றிவிட்டிருந்தேன் போலிருக்கிறது. "நான்", "கட்டினேன்" இரண்டையும் நேராக அடித்து, மேலே "நாங்கள்", "கட்டினோம்" என்று எழுதியிருந்தார். என்னைப் பார்த்து, "அதைத் தனியாளா செய்ய முடியாது தம்பி. நாலு பேர் இருந்தோம். ஒருத்தன் மூடியை அமுக்கிப் பிடிக்கணும்" என்றார்.